எம்பெட்: பிடுங்கினால் குழி விழ வேண்டும்

எங்கள் பாட்டி வீட்டு அடுக்களையில் ஒரு உரல் இருந்தது. வைத்திருந்தது இல்லை, பதித்திருந்தது. வாய் மட்டும் தரைக்கு நாலு விரற்கடை மேலே தெரியும், மீதியெல்லாம் தரைக்குள். வீட்டை இடித்தபோது அதை வெளியே எடுக்க இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு அரைநாள் மல்லுக்கட்டினார்கள், எடுத்து முடித்ததும் அந்த இடத்தில் ஒரு பெரிய குழி. ஆங்கிலத்தில் எம்பெட் என்ற சொல்லை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று யார் கேட்டாலும் நான் அந்தக் குழியைத்தான் காட்டுவேன். ஒன்றைப் பிடுங்கினால் அது இருந்த இடத்தில் குழி விழுகிறதா? விழுந்தால் எம்பெட் போடுங்கள். விழாவிட்டால் வேறு சொல் தேடுங்கள்.

மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும்தான் என் பிழைப்பு. இந்த ஒரு சொல்லில் நம் ஆட்கள் வழுக்குகிற இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன, காரணம் ஆங்கிலம் தெரியாதது இல்லை, நமக்கு "பதி" என்ற சொல் மிக நன்றாகத் தெரிவதுதான். அதை அப்புறம் விரிவாகப் பார்ப்போம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதலில் சொல்லைப் பிரித்துவிடலாம். எம் + பெட். பெட் என்றால் நாம் படுக்கிற அதே படுக்கைதான், ஆற்றுப்படுகை, பாறைப்படுகை என்கிறோமே அந்தப் படுகையும்தான். முன்னால் வரும் எம் என்பது உண்மையில் என் என்கிற முன்னொட்டு, உள்ளே வை என்ற பொருள் தருவது. பின்னால் ப ஓசை வந்ததால் எம் ஆகிவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, செம்மை என்பது தாமரைக்கு முன்னால் செந்தாமரை, பருத்திக்கு முன்னால் செம்பருத்தி, கல்லுக்கு முன்னால் செங்கல் என்று நம்மிடமே மாறுகிறதே, அதே வாய்தான் அவர்களுக்கும். ஆக எம்பெட் என்றால் படுகைக்குள் கிடத்து. சொல்லின் பழைய புழக்கங்களில் ஒன்று நிலவியலில், பாறைக்குள் கிடக்கும் புதைபடிவங்களைச் சொல்வதற்கு. அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் கல்லோடு கல்லாகக் கிடக்கின்றன, டைனோசர் காலத்தில் அந்த நிலம் கடலுக்கடியில் இருந்ததன் மிச்சம். "ஃபாசில்ஸ் எம்பெடட் இன் லைம்ஸ்டோன்". இதுதான் இந்தச் சொல்லின் சொந்த ஊர். ஓட்டைத் தனியாக எடுக்க வேண்டுமானால் உளி வேண்டும், எடுத்தால் கல்லில் அச்சு அப்படியே பள்ளமாக நிற்கும்.

உச்சரிக்கும்போது அழுத்தம் பெட் மேல் விழ வேண்டும். எழுதும்போது நினைவில் வைக்க வேண்டியது கடைசி டி. எம்பெட் என்பதில் ஒரு டி, எம்பெடட், எம்பெடிங் என்று போகும்போது நடுவில் இரண்டு டி. விண்ணப்பக் கடிதங்களில் "எம்பெடட் சிஸ்டம்ஸ் எஞ்சினியர்" என்பதை ஒற்றை டி போட்டு எழுதி அனுப்பிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், படித்த துறையின் பெயரிலேயே பிழை! விதி எளிது: கடைசி அசையில் அழுத்தம் இருந்து, அது ஒற்றை உயிரும் ஒற்றை மெய்யுமாக முடிந்தால் மெய் இரட்டிக்கும். அட்மிட் அப்படி இரட்டிக்கிறது, விசிட் இரட்டிப்பதில்லை, ஏனென்றால் விசிட்டில் அழுத்தம் முதல் அசையில். சிலர் முதலெழுத்தை ஐ என்று போட்டு இம்பெட் என எழுதுவார்கள், அதுவும் அகராதியில் உண்டு, ஆனால் இப்போது யாரும் விரும்புவதில்லை. விட்டுவிடுங்கள்.

பதிந்ததும் பதித்ததும்

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தமிழில் தோட்டா சுவரில் பதிந்தது என்றால் தானாக உள்ளே போய் உட்கார்ந்தது. தச்சர் மரத்தில் தந்தத்தைப் பதித்தார் என்றால் அவர் செய்தார். ஒரு த், ஒரு ந், வேலை முடிந்தது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தது. எம்பெட் என்ற சொல்லோ அன்றாட ஆங்கிலத்தில் பெரும்பாலும் பதித்தல் மட்டும்தான். பதிதல் அதில் அப்படியே கிடையாது. தானாகப் பதியும் பொருளும் அகராதிகளில் ஒரு மூலையில் இருக்கும், அதை நம்பி எழுதினால் படிப்பவர் நெளிவார்.

அதனால் "அவர் சொன்னது என் மனதில் பதிந்தது" என்பதை நாம் அப்படியே தூக்கி "ஹிஸ் வேர்ட்ஸ் எம்பெடட் இன் மை மைண்ட்" என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலக் காதுக்கு அது பாதியில் நின்ற வாக்கியம். எதைப் பதித்தன, என்று கேட்கத் தோன்றும். சரியாக்க இரண்டு வழி. நிலையைச் சொல்வதானால் நடுவில் இஸ், ஆர், வாஸ், வேர் என ஏதாவது ஒன்று வேண்டும்: "ஹிஸ் வேர்ட்ஸ் ஆர் எம்பெடட் இன் மை மைண்ட்". பாய்ந்து போய்ப் பதிந்த செயலைச் சொல்வதானால் இட்செல்ஃப் போட வேண்டும்: "தி புல்லட் எம்பெடட் இட்செல்ஃப் இன் தி வால்". தன்னைத்தானே பதித்துக்கொண்டது என்று தமிழில் சொன்னால் சிரிப்பாக இருக்கும், ஆங்கிலத்தில் அதுதான் ஒழுங்கு.

மதில்மேல் உடைந்த பாட்டில் சில்லுகளைச் சிமெண்டில் பதித்து வைப்பார்களே, திருடன் ஏறாமலிருக்க. அதை மூன்று விதமாகச் சொல்லிப் பழகினால் இந்தச் சொல் கைக்கு வந்துவிடும். கொத்தனார் செய்ததைச் சொல்ல, "தி மேசன் எம்பெடட் பிரோக்கன் கிளாஸ் இன் தி வால்". சில்லுகள் இருப்பதைச் சொல்ல, "பிரோக்கன் கிளாஸ் இஸ் எம்பெடட் இன் தி வால்". சுவரை வைத்துச் சொல்ல, "தி வால் இஸ் எம்பெடட் வித் பிரோக்கன் கிளாஸ்". மூன்றாவதில் இன் போய் வித் வந்ததைக் கவனியுங்கள். உள்ளே போகும் பொருளை முன்னால் வைத்தால் இன், வாங்கிக்கொள்ளும் பொருளை முன்னால் வைத்தால் வித். இதை மாற்றிப் போட்டு "தி வால் இஸ் எம்பெடட் இன் பிரோக்கன் கிளாஸ்" என்றால் கண்ணாடிக் குவியலுக்குள் சுவர் புதைந்து கிடக்கிறது என்று ஆகிவிடும். இன்டூ போடலாமா என்றால் போடலாம், உள்ளே செலுத்துகிற அசைவு இருக்கும்போது. வெறுமனே இருப்பதற்கு இன் போதும். விதின் என்று எழுதினால் கொஞ்சம் அலுவலக வாசனை அடிக்கும், தப்பில்லை.

பதி என்று வருவதெல்லாம் எம்பெட் இல்லை

தமிழில் பதி என்பது ஊர் முழுக்கச் சொந்தக்காரர் உள்ள சொல். ரோஜாவைப் பதியம் போடுகிறோம், கிளையை வளைத்து மண்ணில் அழுத்தி வேர் விட வைப்பது. குழிச் சோதனைப்படி பார்த்தால் அது எம்பெட் ஆகவேண்டும், ஆனால் ஆங்கிலத் தோட்டக்காரர் அதை லேயரிங் என்பார். பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிக்கிறார்கள், கேபிள் பதிக்கிறார்கள், தண்டவாளம் பதிக்கிறார்கள், வீட்டில் டைல்ஸ் பதிக்கிறார்கள். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் லே. "தே ஆர் லேயிங் பைப்ஸ்". இதை எம்பெட் என்று எழுதினால் குழாயைக் கான்கிரீட்டுக்குள் வைத்து நிரந்தரமாக இறுக்கிவிட்டார்கள் என்று பொறியாளர் எடுத்துக்கொள்வார், டெண்டர் ஆவணத்தில் இந்தப் பிழை வந்தால் பணத்தில் அடிக்கும். தூண் வார்க்கும்போது உள்ளே நிற்கும் கம்பி இருக்கிறதே, அதுதான் "எம்பெடட் இன் கான்கிரீட்". சுவருக்குள் ஓடும் ஒயரிங்கை நம் எலக்ட்ரீசியன்கள் கன்சீல்டு என்கிறார்கள், ஆங்கிலத்திலும் அதே சொல்தான், மாற்ற வேண்டாம்.

அப்புறம், நிலவில் கால் பதித்தார் என்பது செட் ஃபுட். சினிமாவில் முத்திரை பதித்தார் என்பது மேட் எ மார்க். வழக்குப் பதிந்தார்கள் என்பது ரெஜிஸ்டர். கைநாட்டு பதிப்பது தம்ப் இம்ப்ரெஷன் கொடுப்பது. புத்தகம் பதிப்பிப்பது பப்ளிஷ். இவற்றில் எதிலும் குழி இல்லை. கால் பதித்த இடத்தில் பள்ளம் விழுமே என்று வாதாட வராதீர்கள், கால் அங்கேயே நின்றுவிடுவதில்லை.

நகை விஷயம் தனி. கல் வைத்த தோடு, கல் பதித்த மோதிரம் என்கிறோம். ஆங்கில நகைக்கடைக்காரர் வாயில் வருவது செட்: "எ ரிங் செட் வித் ரூபீஸ்". கல் நிறைய இருந்தால் ஸ்டடட், மேற்பரப்பே தெரியாமல் அப்பியிருந்தால் என்க்ரஸ்டட். தாஜ்மகால் பளிங்கில் பூவேலை இருக்கிறதே, கல்லைச் செதுக்கி அந்தப் பள்ளத்துக்குள் வண்ணக்கல்லை மட்டமாக உட்கார வைத்தது, அது இன்லே. தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் கைக்குத் தெரியக் கூடாது என்பதுதான் இன்லேயின் பெருமை. நம் இழைத்தல் என்ற சொல் இதற்கு ரொம்பக் கிட்டே வரும். தஞ்சாவூர் ஓவியத்தில் கண்ணாடிக் கற்களை மேடாக எழுப்பிய பசை வேலைக்குள் அழுத்துவதை எம்பெட் என்று எழுதலாம், பலரும் எழுதுகிறார்கள், எனக்கும் அது உறுத்துவதில்லை. ஆனால் தோட்டுக்கு எம்பெட் என்று விளம்பரத்தில் படிக்கும்போது கல்லை ஆணி மாதிரி அடித்து இறக்கினார்களோ என்று தோன்றும்.

உடம்பிலும் இதே கணக்குதான். காலில் முள் தைத்து உள்ளேயே நின்றுவிட்டால், ஊசியால் நோண்டித்தான் எடுக்க வேண்டும் என்றால், "தி தார்ன் இஸ் எம்பெடட் இன் மை ஃபுட்". மீன் முள் தொண்டையில் சிக்கினால் அது ஸ்டக், டாக்டர் எழுதினால் லாட்ஜ்ட். சதையில் குத்தி உள்ளே இறங்கியிருந்தால் மட்டும் எம்பெடட். நாய்த் தோலில் உண்ணி தலையை உள்ளே விட்டுக்கொண்டு கிடப்பதும் எம்பெடட்தான். மருத்துவர் ஒரு கருவியை உடம்புக்குள் வைத்தால் இம்பிளான்ட். எடுத்த சதைத்துணுக்கைப் பரிசோதனைக்கூடத்தில் உருக்கிய பாரஃபின் மெழுகுக்குள் வைத்துக் கட்டியாக்குவார்கள், அப்போதுதான் மைக்ரான் கணக்கில் மெலிதாகச் சீவ முடியும், அந்தக் கட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே எம்பெடிங். பயாப்சி ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், மெழுகைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

கையில் பிடிக்க முடியாத குழி

மனசு, பழக்கம், சமூகம் என்று போகும்போது சொல் இன்னும் நன்றாக வேலை செய்யும். "காஸ்ட் இஸ் டீப்லி எம்பெடட் இன் தி சொசைட்டி" என்றால் சாதி சமூகத்தில் எங்கோ ஓர் ஓரமாக இல்லை, அதன் கட்டுமானத்துக்குள்ளேயே இருக்கிறது, உருவினால் சுற்றியிருக்கும் மண்ணும் சேர்ந்து பெயரும் என்று பொருள். இதே இடத்துக்கு இன்க்ரெய்ன்ட் என்பதும் வரும், அது தனி ஆளின் பழக்கத்துக்கு அதிகம் பொருந்தும். என்ட்ரென்ச்ட் என்றால் பதுங்குகுழி வெட்டி உள்ளே உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிற பிடிவாதம் கூடவே வரும், பெரும்பாலும் திட்டுகிற சொல். எம்பெடட் என்பது நல்லதற்கும் வரும் கெட்டதற்கும் வரும்.

அழுத்திச் சொல்ல வெரி எம்பெடட் என்று எழுதாதீர்கள். டீப்லி, ஃபர்ம்லி இரண்டில் ஒன்று போதும்.

நினைவைப் பற்றி ஒரு சின்ன விஷயம். நமக்குப் பசுமரத்தாணி போல என்ற உவமை இருக்கிறது, பச்சை மரத்தில் ஆணி சுலபமாக இறங்கும், இறங்கிய பிறகு மரம் விடாது. எம்பெடட் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த ஆங்கில அகராதியிலும் கிடையாது. ஆனால் வேடிக்கை, ஆங்கிலக்காரர் மறக்க முடியாத காட்சியைச் சொல்லும்போது ஆணிக்குப் போவதைவிடச் செதுக்கலுக்குத்தான் அடிக்கடி போகிறார்: "எட்ச்ட் இன் மை மெமரி". அது நம் சிலைமேல் எழுத்துக்குப் பக்கம். ஆகவே காட்சிக்கும் முகத்துக்கும் எட்ச்ட், பழக்கத்துக்கும் எண்ணத்துக்கும் எம்பெடட் என்று வைத்துக்கொண்டால் இயல்பாக இருக்கும்.

ஆட்களையும் எம்பெட் செய்யலாம். 2003ல் அமெரிக்கா ஈராக் மேல் படையெடுத்தபோது நூற்றுக்கணக்கான பத்திரிகையாளர்களை ராணுவப் பிரிவுகளோடு சேர்த்து அனுப்பினார்கள். அவர்கள் அந்தப் படையோடு உண்டு, உறங்கி, அதே வண்டியில் போய்ச் செய்தி அனுப்பினார்கள். எம்பெடட் ஜர்னலிஸ்ட் என்ற தொடர் உலகம் முழுக்கப் பரவியது அப்போதுதான். இங்கே வித் வரும்: "ஷி வாஸ் எம்பெடட் வித் எ மரீன் யூனிட்". அப்படிப் போன ஆளையே சுருக்கமாக அன் எம்பெட் என்று பெயர்ச்சொல்லாகவும் சொன்னார்கள், அப்போது அழுத்தம் முதல் அசைக்கு ஓடிவிடும், எம்-பெட். இப்படிப் போனவர்கள் படையின் கண்ணால்தானே போரைப் பார்ப்பார்கள் என்று குறை சொன்னவர்கள் அதிலுள்ள பெட்டைப் பிடித்துக்கொண்டு "இன் பெட் வித்" என்று கேலி செய்தார்கள், அதாவது ஒரே படுக்கை, கள்ளக் கூட்டு. தமிழில் இந்தக் கிண்டலைக் கொண்டுவர முடியாது, மொழிபெயர்க்க முயன்று தோற்றிருக்கிறேன். இப்போது அலுவலகங்களிலும் ஒரு ஆய்வாளரையோ வடிவமைப்பாளரையோ வேறொரு குழுவுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தால் இதே சொல்லைப் போடுகிறார்கள்.

கணினிக்குள் வந்தால்

இங்கே ஒரே சொல் எதிரெதிராக இரண்டு வேலை செய்கிறது, குழப்பத்துக்கு அதுதான் காரணம், தயவுசெய்து இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

வேர்டு, பவர்பாயிண்ட் மாதிரியான மென்பொருளில் எம்பெட் என்றால் பொருள் முழுசாகக் கோப்புக்குள் வந்துவிட்டது. லிங்க் என்றால் பொருள் வெளியே இருக்கிறது, கோப்பில் அதன் முகவரி மட்டும். ஆனால் இணையப் பக்கத்தில் யூடியூப் வீடியோவை எம்பெட் செய்தால் வீடியோ உங்கள் பக்கத்துக்கு வரவே இல்லை. அது யூடியூப்பிடமே இருக்கிறது, உங்கள் பக்கத்தில் ஒரு ஜன்னல் மட்டும் வெட்டி வைத்திருக்கிறீர்கள், அந்த ஜன்னலுக்குத்தான் ஐஃப்ரேம் என்று பெயர். போட்டவர் வீடியோவை எடுத்துவிட்டால் உங்கள் பக்கத்தில் வெறும் கறுப்புக் கட்டம் நிற்கும். அட, குழி!

செய்வது எப்படி என்றால், வீடியோவுக்குக் கீழே ஷேரை அழுத்துங்கள், வரும் பட்டியலில் எம்பெட் என்றிருக்கும், அதைத் தொட்டால் ஒரு துண்டு நிரல் கிடைக்கும், நகலெடுத்து உங்கள் பதிவின் எச்டிஎம்எல் பார்வையில் ஒட்டுங்கள். சாதாரணமாக எழுதுகிற பார்வையில் ஒட்டினால் நிரல் எழுத்தாகவே தெரியும், புதிதாக எழுத வருபவர்கள் எல்லோரும் ஒருமுறை விழுகிற இடம் இது. வேர்டுபிரஸ் என்றால் வீடியோ முகவரியைத் தனி வரியில் ஒட்டினாலே போதும், அதுவே பார்த்துக்கொள்ளும். சில வீடியோக்கள் வேறு பக்கத்தில் ஓடாது, ஏனென்றால் உரிமையாளர் எம்பெட் செய்யும் அனுமதியை நிறுத்தி வைத்திருப்பார், அதற்கு நாம் செய்ய ஒன்றுமில்லை.

அலுவலகக் கோப்பில் எம்பெட் செய்வதன் ஆபத்தை நான் சம்பளம் வாங்காமல் கற்றேன். எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஓரிடத்தில் விலைப்புள்ளி ஒன்றைப் பவர்பாயிண்டில் தயார் செய்து வாடிக்கையாளருக்கு அனுப்பினோம், அதில் எக்செல்லிலிருந்து எடுத்து ஒட்டிய ஒரு வரைபடம். ஒட்டும்போது எம்பெட் ஒர்க்புக் என்ற தேர்வு விழுந்திருக்கிறது. வரைபடத்தின் தரவைத் திறந்து பார்த்த வாடிக்கையாளருக்கு அந்த ஒரு தாள் மட்டுமல்ல, மொத்தப் பணிப்புத்தகமும் திறந்தது, அடக்க விலை எவ்வளவு, எங்களுக்கு எவ்வளவு நிற்கும் என்கிற தாள் உட்பட. அவர் பேரம் பேசியதே இல்லை, நேராக ஒரு தொகையைச் சொன்னார். அன்றிலிருந்து வெளியே போகும் கோப்பில் வரைபடத்தைப் படமாகத்தான் ஒட்டுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எழுத்துருவை எம்பெட் செய்வது தமிழ் ஆட்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்த காலம் ஒன்று உண்டு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பத்திரிகையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். யூனிகோடு வந்த பிறகு அந்தக் கொடுமை குறைந்தது, ஆனாலும் நீங்கள் ஆசையாகத் தேர்ந்த எழுத்துரு அச்சகத்துக் கணினியில் இல்லையென்றால் அது வேறு எதையோ போட்டு வரிகளையெல்லாம் இடம் மாற்றிவிடும். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் எழுத்துருவைக் கோப்புக்குள் எம்பெட் செய்யும் தேர்வு கீழே இருக்கிறது. பிடிஎஃப் என்றால் பிராப்பர்ட்டீஸில் ஃபான்ட்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள், எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் எம்பெடட் என்றோ எம்பெடட் சப்செட் என்றோ இருந்தால் நிம்மதியாக அனுப்பலாம். சப்செட் என்றால் பயன்பட்ட எழுத்துகள் மட்டும் உள்ளே இருக்கின்றன என்று அர்த்தம். சில எழுத்துருக்களின் உரிமம் எம்பெட் செய்ய விடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெயிலில் ஒரு கோப்பை இணைப்பது மட்டும் எம்பெட் கிடையாது, அது அட்டாச், கழற்றினால் மெயிலில் எந்தக் குழியும் விழாது.

எம்பெடட் சிஸ்டம் என்பது வாஷிங் மெஷினுக்குள்ளும் மைக்ரோவேவுக்குள்ளும் உட்கார்ந்து அந்த ஒரு வேலையை மட்டும் பார்க்கிற கணினி. அதைத் தனியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படம் பார்க்க முடியாது. "நான் எம்பெடட்ல இருக்கேன்" என்று நம் பொறியாளர்கள் சொல்வது துறைப் பேச்சாகச் சரிதான், வெளியாளிடம் சொன்னால் எதற்குள் புதைந்திருக்கிறீர்கள் என்று கேட்பார். இ-சிம் என்பதில் உள்ள இ எதைக் குறிக்கும் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் எலெக்ட்ரானிக் என்பார்கள் என்று பந்தயம் கட்டத் தயார். இ-மெயிலுக்கு அது சரி. இ-சிம்மில் அது எம்பெடட், போனின் பலகையிலேயே சேர்த்துப் பற்றவைத்த சிப் என்பதால்.

செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் எம்பெடிங் என்பதைப் பெயர்ச்சொல்லாகவே எண்ணுகிறார்கள், ஒரு எம்பெடிங், ஆயிரம் எம்பெடிங்ஸ். ஒரு சொல்லைச் சில நூறு எண்களாக மாற்றி, பெரிய எண்வெளியில் ஒரு புள்ளியாக வைப்பது அது, பொருளில் நெருங்கிய சொற்கள் அங்கேயும் பக்கத்துப் பக்கத்தில் விழும். கூகுள் ஆய்வாளர்கள் 2013ல் வெளியிட்ட வேர்ட்-டு-வெக் என்ற முறைக்குப் பிறகு இது பரவலாயிற்று. சொல் கணிதத்திலிருந்து வந்தது, ஒரு அமைப்பை இன்னொரு பெரிய அமைப்புக்குள் உருமாறாமல் வைப்பது. இங்கே என் குழிச் சோதனை வேலை செய்யாது. ஒத்துக்கொள்கிறேன்.

கேள்விக்குள் கேள்வி

இலக்கணத்திலும் ஒரு எம்பெட் இருக்கிறது, தினமும் நாம் தவறு செய்வது இதில்தான். ஒரு கேள்வியை வேறொரு வாக்கியத்துக்குள் வைத்தால் அதற்கு எம்பெடட் கொஸ்டின் என்று பெயர். "பஸ் ஸ்டாண்ட் எங்கே இருக்கிறது என்று தெரியுமா?" தமிழில் உள்ளே இருக்கும் கேள்வி கொஞ்சமும் மாறவில்லை பாருங்கள், பின்னால் என்று ஒட்டினோம், அவ்வளவுதான். அதே பழக்கத்தில் "டு யூ நோ வேர் இஸ் தி பஸ் ஸ்டாண்ட்?" என்கிறோம். ஆங்கிலத்தில் கேள்வி உள்ளே போனதும் கேள்வி முறுக்கை இழந்து சாதா வாக்கியமாக நிமிர வேண்டும்: "டு யூ நோ வேர் தி பஸ் ஸ்டாண்ட் இஸ்?"

டூ, டஸ், டிட் மூன்றும் உள்ளே வந்தால் காணாமல் போக வேண்டும். "ஐ டோன்ட் நோ வாட் டிட் ஹி சே" இல்லை, "ஐ டோன்ட் நோ வாட் ஹி செட்". ஆமா இல்லையா கேள்வியானால் இஃப் அல்லது வெதர் வேண்டும். "அவன் வருவானா என்று கேள்" என்பது "ஆஸ்க் ஹிம் வில் ஹி கம்" இல்லை, "ஆஸ்க் ஹிம் இஃப் ஹி வில் கம்". யார் வந்தது என்கிற மாதிரி கேள்விச்சொல்லே எழுவாயாக இருந்தால் மட்டும் எதையும் தொட வேண்டாம், "ஐ நோ ஹூ கேம்" அப்படியே சரி. நம்மிடம் என்று என்ற ஒரு சொல் எல்லாப் பாரத்தையும் தூக்குவதால் உள்ளே இருப்பது சொகுசாகக் கிடக்கிறது, ஆங்கிலத்தில் அந்தச் சுமைதாங்கி இல்லை.

தமிழில் எப்படி எழுதுவது

உட்பொதி என்ற சொல்லைக் கணினித் தமிழில் பார்த்திருப்பீர்கள், உட்பொதிக்கப்பட்ட அமைப்பு, உட்பொதி நிரல் என்று. பதி போதாதா, எதற்கு இந்தப் பொதி என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால் காரணம் புரிகிறது, இணையத்தில் பதியை ஏற்கனவே எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்: பதிவு, பதிவேற்று, பதிவிறக்கு, பதிவர், பதிப்பு. "வீடியோவைப் பதித்தேன்" என்று எழுதினால் ஏற்றினாரா, எழுதினாரா, உள்ளே வைத்தாரா என்று தெரியாது. ஆகவே திரைக்கும் நிரலுக்கும் உட்பொதி. கல், கண்ணாடி, ஆணி, தோட்டாவுக்கெல்லாம் பதி. வாக்கியத்துக்குள் கருத்து ஒளிந்திருந்தால் பொதிந்திருக்கிறது. சமூகத்துக்கும் வழக்கத்துக்கும் வேரூன்றிய என்பதோ ஊறிய என்பதோ நன்றாக இருக்கும், அங்கே போய் உட்பொதிக்கப்பட்ட என்று எழுதினால் சாதியை யாரோ சாஃப்ட்வேரில் ஏற்றியது மாதிரி ஒலிக்கும். எம்பெடட் ஜர்னலிஸ்டுக்கு படையோடு சென்ற செய்தியாளர் என்று விரித்து எழுதிவிடுவேன். பேச்சில் என்றால் யோசிக்கவே வேண்டாம், எம்பெட் பண்ணு என்பதுதான் எல்லோர் வாயிலும் வருகிறது.

கை பழக நாலு வாக்கியம் தருகிறேன், பதிலைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். தெருவில் கேபிள் பதிக்கிறார்கள். அம்பு மரத்தில் பதிந்தது. அவர் எப்போது கிளம்பினார் என்று தெரியுமா? உரல் தரையில் பதித்திருந்தது.

முதலாவது "தே ஆர் லேயிங் கேபிள்ஸ் இன் தி ஸ்ட்ரீட்", எம்பெட் வரக் கூடாது. இரண்டாவது "தி ஆரோ எம்பெடட் இட்செல்ஃப் இன் தி ட்ரீ". மூன்றாவது "டு யூ நோ வென் ஹி லெஃப்ட்?", டிட் போட்டிருந்தால் மேலே போய் இன்னொரு தடவை படியுங்கள். நாலாவது "தி மார்ட்டர் வாஸ் எம்பெடட் இன் தி ஃப்ளோர்". உரலுக்கு மார்ட்டர் என்று போட எனக்கு மனசே வருவதில்லை, அதே சொல்லுக்குச் சிமெண்டுக் கலவை என்றும் பொருள் உண்டு, கொத்தனார் கலவையைத் தரைக்குள் வைத்தார் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. ஸ்டோன் மார்ட்டர் என்று போட்டுவிடுங்கள்.